ஆலங்குடி சம்பூரணத்தின் படம்

காலை எட்டு மணிக்கு எங்கள் கடையில் இருப்பவர்கள் இவர்கள். தவுக்கே ஆ செங். கடை முதலாளி, சீனர். அவருடைய தாயார், எண்பது வயது இருக்கும். கண்ணாடி வெட்டும் யூசோப், மலாய்க்காரர். சட்டம் அடிக்கும் நான். சுவரில் பதினான்கு பேர். இந்தப் பதினான்கு பேரும் செத்துப் படமாக வந்தவர்கள். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து வைத்தும் வாங்கிப்போக ஆள் வரவில்லை. சிலர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. தவுக்கேயின் தாயார் தினமும் காலையில் வத்தி கொளுத்தி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று மூன்று தரம் குனிந்து நிமிர்வாள். யார் என்று தெரியாது. எந்த ஊர் என்று தெரியாது. ஆள் வராதவர்களை நாம்தானே பார்க்க வேண்டும் என்கிற மாதிரி கையைக் காட்டுவாள். பினாங்குக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பிணத்துக்கு யாரும் கும்பிடு போட மாட்டார்கள். முதலில் எந்த ஊர், யார் வீடு என்று கேட்பார்கள்.

பதினைந்தாவது ஒரு படம் என் மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. அது கடைக்கு வந்த படம் இல்லை. நான் வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தது. ஒரு பெண், பட்டுச் சேலை, கை நாற்காலி முதுகின் மேல். கீழே வெள்ளைப் பெயிண்டில் ஆலங்குடி சம்பூரணம் என்று இருக்கும். எழுதியது நான்தான். மாட்டிய மறுநாள் கிழவி அதற்கும் வத்தி கொளுத்தப் போனாள். நான் எழுந்து மறித்தேன். “சுடா மாத்தி?” என்றாள். செத்தாச்சா என்று கேட்கிறாள். அப்போது எனக்கு மலாய் இருபது வார்த்தை தெரியும். “பெலும்” என்றேன். இன்னும் இல்லை. கிழவி முகம் வாடிவிட்டது. உள்ளே போய் ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். படுக்கையில் கிடக்கிறாள், இன்றோ நாளையோ என்று அவள் நினைத்துக்கொண்டதை யூசோப் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு வாரம் ஒரு தரம் எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். என் பெண்டாட்டி என்று நினைத்தாளோ என்னவோ. மறுத்துச் சொல்ல வார்த்தை இல்லை. கிழவி மேல் எனக்கு வருத்தமும் இல்லை. உயிரோடு இருந்த சம்பூரணத்தை முதலில் செத்தவளாக்கியது நான்தான்.

எனக்குத் திருக்கோகர்ணம். நாலாம் வகுப்போடு சரி. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடை வைத்தேன். சாமி படம், செத்தவர் படம், இந்த இரண்டும்தான் வரும். ஒரு நாள் நாடகக்காரர் ஒருவர் தன் படத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க வரவில்லை. சுவரில் மாட்டி வைத்தேன். தேவகோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் சாமி படம் வாங்க வந்தவர், இவர் யார், நடிப்பாரா, எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். சொன்னேன். அந்த நாடகக்காரருக்கு ஏழு இரவு நாடகம் கிடைத்தது. அடுத்த மாதம் மற்ற நடிகர்களும் படத்தோடு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து நாடகத்தைப் பற்றி இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் கம்பெனி கிடையாது. ராஜா வேஷம் ஒரு ஊர், பெண் வேஷம் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும். திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு நடிகர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் வெற்றிலை பாக்குக் கொடுத்துத் தேதி சொல்ல வேண்டும். வெற்றிலையை வாங்கிவிட்டால் அந்தத் தேதி அந்த ஊருக்கு. எழுத்து ஒன்றும் கிடையாது. ஆள் எங்கே இருக்கிறார் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. என் சுவரைப் பார்த்தால் தெரியும். அவ்வளவுதான் என் வேலை. சம்பூரணம் பெண் வேஷக்காரி. தெற்கே மானாமதுரைப் பக்கம் அவளுக்கு நல்ல பேர். வருஷத்தில் பாதி நாடகம் அங்கேதான். அதனால் அவள் படத்தைச் சுவரின் உச்சியில் மாட்டியிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று சுத்தியல், ரம்பம், கண்ணாடி வெட்டும் வைரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். தொழிலுக்கு உதவுகிற படங்கள் என்று நடிகர்கள் படத்துக்கும் பொட்டு வைத்துச் செவ்வந்தி மாலை போட்டேன். மூன்றாம் நாள் எல்லாப் படத்துப் பூவையும் எடுத்துப்போட்டேன். உச்சியில் இருந்த படத்துக்கு ஏணி வேண்டும். ஏணியை எதிர்க்கடைக்காரர் வெள்ளை அடிக்க வாங்கிப் போயிருந்தார். பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். நான் உட்காருகிற இடம் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி இருக்கும். மறந்துபோனேன். மாலை போட்ட படத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதைத்தான் எல்லோரும் செய்தார்கள்.

கார்த்திகையில் மானாமதுரைக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். ஊர்த் தலைவர். அம்பலம் என்று கூப்பிடுவார்கள். சுவரைப் பார்த்தவர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். புழுக்கத்துக்கு என்று நினைத்தேன்.

“சம்பூரணமா மேல இருக்காக?”

“ஆமாங்க.”

“எங்கூருக்கு மூணு வருசம் வந்தாக. என்னா தொண்டை!”

“அந்தத் தொண்டைக்குத்தாங்க உச்சியில மாட்டியிருக்கேன்.”

“சின்ன வயசுதான்.”

“முப்பது இருக்குமுங்க.”

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சாமி படத்தை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாசி பாதியில் சம்பூரணம் ஆலங்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மழைக்காலத்தில் நாடகம் இருக்காது. அதனால் ஐந்து மாதமாக அவள் கடைப் பக்கம் வரவில்லை. குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள்.

“என்னண்ணே, தெக்க இருந்து ஒரு ஈ காக்கா வரலையே?”

“வருவாங்க. பங்குனிக்கு இன்னும் நாள் கெடக்குல்ல.”

“போன வருசம் தை பொறந்ததுமே வெத்தலை வந்துருச்சுங்கண்ணே. இங்கிட்டு யாரும் கேட்டு வரலையா?”

நான் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்றேன். சுவரை நிமிர்ந்து பார்த்தபடி, “அண்ணே” என்றாள்.

“என்ன?”

“நான் எப்பண்ணே செத்தேன்?”

திரும்பி மேலே பார்த்தேன். மாலை காய்ந்து கயிறாகியிருந்தது. பொட்டு மட்டும் கண்ணாடியில் அப்படியே இருந்தது.

“ஆயுத பூசைக்குப் போட்டது” என்றேன்.

“மத்தவுகளதை எடுத்தீங்கல்ல?”

“ஏணி இல்ல.”

“ஏணி இல்லைன்னு என்னையக் கொன்னுட்டீங்களே, மகராசன்.”

முக்காலியை இழுத்துப்போட்டு அவளே ஏறி, எக்கி, தொங்கிய நுனியைப் பிடித்து மாலையைப் பிய்த்தாள். சருகு என் தலையில் விழுந்தது. முதலில் சிரித்தாள். இறங்கி முக்காலியில் உட்கார்ந்த பிறகு சிரிக்கவில்லை. “ரெண்டு பொட்டப்புள்ளைக. சின்னது இன்னும் இடுப்புல கெடக்கு. அதுக அப்பாவுக்குக் கை விளங்காமப் போயிருச்சு. தெக்கத்தி ஊருகள நம்பித்தான் அடுப்பு எரியுது. இப்ப நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க” என்றாள்.

அன்றே அவளுக்கு நாடகம் கொடுக்கிற ஐந்து ஊருக்கும் கார்டு போட்டேன். சம்பூரணம் சௌக்கியம், படத்துக்கு மாலை பூஜைக்குப் போட்டது என்று எழுதினேன். ஒரு ஊரிலிருந்து மட்டும் பதில் வந்தது. அம்மாள் காலமான செய்தி தெரியும், காலமானவர் பேரைச் சொல்லி வேறு ஆளைத் தள்ளிவிடப் பார்ப்பது உங்களுக்கு அழகில்லை என்று இருந்தது. கார்டை நம்ப மாட்டார்கள், ஆளைத்தான் காட்ட வேண்டும் என்று புரிந்தது. கடையைப் பூட்டினேன். சம்பூரணம், அவள் புருஷன் மாரிமுத்து, நான், மூன்று பேரும் மானாமதுரைக்கு ரயில் ஏறினோம். மாரிமுத்து முன்பு மிருதங்கம் வாசித்தவர். வலது கையைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். ரயிலில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

“செத்த பொண்டாட்டிக்கு டிக்கெட் எடுத்த ஆளு ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்.”

“அரை டிக்கெட்டு கேட்டுப் பாத்திருக்கலாம்ல” என்றாள் சம்பூரணம்.

“கேட்டேன். பொணமா இருந்தா லக்கேஜுல போடணுமாம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது. திட்டவில்லை.

முதலில் அம்பலத்தின் ஊருக்குப் போனோம். உச்சிவெயில். கிணற்றடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருத்தி கிட்ட வந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி குனிந்து கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள். அம்பலம் வீட்டிலிருந்து வந்து, பத்தடி தள்ளியே நின்றார்.

“நெசமாவே நீதானா, ஆத்தா?”

“நான்தாங்கய்யா.”

“மாலை போட்டுருந்துச்சே. என் கண்ணால பாத்தேனே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “தப்பு என்னுதுங்க” என்றேன்.

“அப்ப பாடு பாப்போம்.”

ஆர்மோனியம் இல்லை, மிருதங்கம் இல்லை. வீதியில் நின்று இரண்டு அடி பாடினாள். மாரிமுத்து இடது கையால் தொடையில் தட்டினார். அம்பலம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “இவுகளேதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஆத்தா, வெத்தலை வேற ஆளுக்குக் குடுத்துட்டமே. பரமக்குடிப் புள்ள, புதுசு. நீ சொல்லு, ஆளனுப்பித் திருப்பி வாங்கிருவோம்.”

நான் சம்பூரணத்தின் முகத்தைப் பார்த்தேன். வாங்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அதற்குத்தான் வந்திருந்தோம்.

“வேண்டாங்கய்யா. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். அந்தப் புள்ள வீட்டுலயும் அடுப்பு இருக்கும்ல.”

“அடுத்த வருசம் ஒனக்குத்தான்.”

“அது வரைக்கும் சாகாமப் பாத்துக்கிறேங்கய்யா.”

கூட்டம் சிரித்தது. அந்த வீட்டில் சோறு போட்டார்கள். மற்ற நாலு ஊரிலும் இதே கதைதான். தொட்டுப் பார்த்தார்கள், பாடச் சொன்னார்கள், வெற்றிலை போய்விட்டது என்றார்கள். நாலு நாளில் ஐந்து ஊர் பார்த்துத் திரும்பினோம். அந்த வருஷம் சம்பூரணம் ஆலங்குடியில் கடலை உடைக்கப் போனாள். விரல் நுனி எல்லாம் தோல் உரிந்திருந்தது. கேட்டால், வேஷம் போடாத நாளில் கைக்கு என்ன வேலை என்றாள். அடுத்த வருஷம் ஐந்தில் இரண்டு ஊர்தான் அவளைக் கூப்பிட்டது. பரமக்குடிப் பெண் நன்றாகப் பாடினாளாம்.

என் சுவருக்கும் பேர் கெட்டுப்போயிற்று. அந்தச் சுவரில் ஏறினால் ஆயுசு போகும் என்று பபூன்கள் மேடையிலேயே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். பினாங்கில் இருந்த மச்சான் காகிதம் போட்டான். சட்டம் அடிக்க ஆள் வேண்டுமாம். படங்களை எடுத்து அவரவர் வீட்டில் கொடுத்தேன். சம்பூரணம் தன் படத்தை வாங்கவில்லை. “அதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? நீங்க கொண்டு போங்க. அங்கிட்டு யாராச்சும் பாப்பாங்க” என்றாள். கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இங்கே கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழாவுக்கு நாட்டிலிருந்து நடிகர்களைக் கூப்பிடுவது உண்டு. ஆள் தெரியாமல் தடுமாறுவார்கள். நான் கடையில் இருந்தபடியே கார்டு எழுதிக் கேட்டுச் சொல்வேன். கறம்பக்குடிப் பபூன் ஒருவர் அப்படித்தான் இங்கே வந்து போனார். ஊரில் வெற்றிலை போதும். இங்கே அக்ரிமெண்ட், ஸ்டாம்பு, போட்டோ இரண்டு, பொறுப்பேற்கிற ஆள், இமிகிரேஷன் சீட்டு எல்லாம் வேண்டும். எல்லாம் இருந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு தரமும் நான் சம்பூரணம் பேரைச் சொல்வேன். இளம் வயதாகக் கேட்பார்கள். போன வருஷம் கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கம் கடைக்கு வந்தார். லாரி வைத்திருப்பவர், இங்கேயே பிறந்தவர். அந்தச் சமயத்தில்தான் சம்பூரணத்திடமிருந்து காகிதம் வந்திருந்தது. சின்னவள் கல்யாணம் நிச்சயமாகி நிற்கிறது, உள்ளூரில் எல்லோரும் சினிமாவுக்குப் போகிறார்கள், அங்கே ஏதாவது வழி உண்டா என்று யாரையோ வைத்து எழுதியிருந்தாள். படத்தைக் கழற்றித் தலைவர் முன்னால் வைத்தேன்.

“இது பழைய படமாச்சே. இப்ப வயசு என்னா?”

“நாப்பத்தஞ்சு இருக்கும்.”

“என்னா லா முத்தையா, நாப்பத்தஞ்சா? இங்க யாருக்கு இவங்களத் தெரியும்?”

“எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும்.”

“எத்தன பேரு?”

எனக்குத் தெரியவில்லை. அவர் யோசித்தார். “சரி, ஒரு நாளு இங்க வைப்போம். எஸ்டேட்டு கமிட்டி ஆளுங்க நாலு பேரு வந்து பாக்கட்டும். சனம் இவங்கள அடையாளம் கண்டுக்கிட்டா எஸ்டேட்டுக்குக் கூப்பிடுவாங்க. இல்லன்னா அடுத்த கப்பல்ல அனுப்பிடணும், சொல்லிட்டேன்.”

கப்பல்துறைக்குக் கமிட்டி மாலை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தது. சம்பூரணம் தகரப்பெட்டியோடு இறங்கினாள். முன்தலை நரைத்திருந்தது. மாரிமுத்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது என்று அங்கேதான் சொன்னாள். மாலையைப் பார்த்தவள், “கையில குடுங்கண்ணே. நீங்க போட்டா எனக்கு ஆகாது” என்றாள். கையில் கொடுத்தேன். கடைக்குக் கூட்டி வந்தேன். தவுக்கேயின் தாயார் அவளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். கிட்ட வந்து சம்பூரணத்தின் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். பதினைந்து வருஷம் படுக்கையில் கிடந்தவள் எழுந்து வந்துவிட்டாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே ஓடிக் கஞ்சி கொண்டுவந்தாள். “யாருண்ணே இவுங்க? நம்ம சாதிசனம் மாதிரி பாக்குறாங்க” என்றாள் சம்பூரணம். சொல்ல ஆரம்பித்தால் நீளும் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் நாடகம் விடிகிறவரை நடக்கும். இங்கே போலீஸ் பெர்மிட் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும்தான். சரியாக ஏழுக்குத் திரை தூக்கினோம். தூக்கியது நான். கமிட்டிப் பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது. கயிற்றைக் கட்ட முளை இல்லை. விட்டால் திரை விழும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். சம்பூரணம் வந்து முதல் பாட்டைப் பாடினாள். தொண்டை பழைய தொண்டைதான், கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஆனால் கூட்டத்தில் அசைவே இல்லை. பிள்ளைகள் கடலை உரித்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் எஸ்டேட்டுக்கு ஒருவராக நாலு பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார்.

சம்பூரணத்துக்கும் தெரிந்திருக்கும். பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். ஆர்மோனியக்காரருக்குக் கை காட்டிவிட்டு மேடையின் நுனிக்கு வந்தாள்.

“எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? நான் ஆலங்குடி சம்பூரணம். புதுக்கோட்டைச் சீமையில இருந்து வாரேன். எங்க பக்கத்து ஆளுக இங்கிட்டு இருக்கீங்களா? கறம்பக்குடி, திருமயம், எந்த ஊரா இருந்தாலும் சரி. என்னைய முன்னாடி பாத்தவுங்க கையத் தூக்குங்க. பாக்காட்டியும் ஊரு அதுதான்னா தூக்குங்க. இப்ப நான் ஒங்களப் பாத்துக்கிறேன்.”

முன்னமே சொல்லிவிடுகிறேன், நாலு எஸ்டேட்டும் அவளைக் கூப்பிட்டன. இரண்டு மாதம் இருந்து ஆடிவிட்டுப் போனாள். சின்னவள் கல்யாணம் நடந்தது. ஆனால் அவள் கேட்டு முடித்த அந்த நேரத்தில் ஒரு கைகூட எழும்பவில்லை. பினாங்கில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. அப்படி யாரும் கேட்டுப் பல வருஷம் ஆனவர்களுக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு பின்னால், விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஹோட்டலில் வேலை செய்யும் ஒருவர், பத்து வருஷமாக என்னோடு பழகுகிறவர், தஞ்சாவூர் என்றுதான் சொல்லியிருந்தார், அவர் தூக்கினார். ஒரு பெண் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். ஒருவன் தன் கையைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் இருந்த மகளின் கையையும் பிடித்துத் தூக்கினான். இங்கே பிறந்த பிள்ளை. அப்பன் விட்டதும் கையைக் கீழே போட்டுவிட்டது. எஸ்டேட் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நான் வலது கையைத் தூக்கினேன். பாரம் தாங்காமல் திரை ஒரு முழம் இறங்கியது. அதற்கு மேல் இறங்காமல் பிடித்துக்கொண்டேன். சம்பூரணம் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். நானும் எண்ணினேன். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, என்னைச் சேர்த்து, முப்பத்தொன்று.